ஒரே முகத்துக்கு இரண்டு வருமானம்

கடைக்கு வந்த ஆள் திரைச்சீலைத் துணி எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருந்த புகைப்படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கடை திறந்த அன்று எடுத்த படம். ஒரே முகத்தோடு இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கமாக ரிப்பனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"இதுல நீங்க யாரு?" என்று கேட்டார்.

"கையில கத்தரிக்கோல் இருக்கிறவ. பக்கத்துல வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறது எங்க அக்கா. சில நிமிஷம் முன்னாடி பொறந்துட்டு, சில வருஷம் மூத்தவ மாதிரி நடந்துப்பா. சரி, உங்க ஜன்னல் எத்தனை அடி?"

அவருக்கு ஜன்னல் ஞாபகமே போய்விட்டது. அவர் பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆராய்ச்சி செய்பவர். கருத்தரங்க அறையில் மத்தியான வெயில் நேராகத் திரையில் விழுகிறது, ஒரு படமும் தெரிவதில்லை என்று துறைத் தலைவர் கத்தியதால் திரைச்சீலை தேடி வந்திருந்தார். கடையில் வேறொன்று அகப்பட்டுவிட்டது.

"உங்க அக்கா என்ன படிச்சிருக்காங்க?"

"மண்ணு."

"மண்ணா?"

"மண்ணு, பாறை, பூமிக்கு அடியில கிடக்கிற அத்தனையும். அதுக்கும் ஒரு முதுகலைப் பட்டம் இருக்காம். பெரிய கட்டடம் கட்டுறவங்க அவளைக் கேட்டுட்டுத்தான் குழி தோண்டுவாங்க."

"நீங்க?"

"நான் துணி," என்று சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். "பத்தாவது முடிச்சதும் தையல் மெஷின்ல உட்கார்ந்தேன். இன்னும் எந்திரிக்கல."

ஆராய்ச்சியாளர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடமாக அவர் தேடிக்கொண்டிருந்தது இவர்களைப் போன்றவர்களைத்தான். அதிகம் படித்தவர் அதிகம் சம்பாதிக்கிறார் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பணம் படிப்பால் வந்ததா, அல்லது படிக்க வைக்கும் அளவுக்கு வசதியான வீட்டில், படிக்கத் தோதான மூளையோடு பிறந்ததால் வந்ததா? இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஒரே வயிற்றில், ஒரே நாளில், ஒரே அச்சில் பிறந்த இரண்டு பேரில் ஒருவர் மட்டும் மேலே படித்திருந்தால் பிரித்துவிடலாம். வீடு ஒன்று, பெற்றோர் ஒன்று, சாப்பாடு ஒன்று. படிப்பு மட்டும்தான் வேறு.

சின்னவள் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி விஷயம் அவளுக்கு வெல்லக்கட்டி. சின்ன வயதில் இஸ்திரிப் பெட்டிக்குள் சூடு எங்கே இருக்கிறது என்று பார்க்க அதைக் கழற்றிப் போட்டவள். கடையில்கூட, வேறு யாரோ தைத்த திரைச்சீலை பழுதுக்கு வந்தால், முதலில் ஓரத்தைப் பிரித்து உள்ளே எப்படி மடித்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் கூலி பேசுவாள்.

"ஆக, எங்க ரெண்டு பேரையும் தராசுல ஏத்தப் போறீங்க."

"உங்களை மட்டும் இல்ல. நூத்துக்கணக்கான ஜோடி. நீங்க ஒரு ஜோடி."

"எவ வாங்குறது அதிகம்னு சொல்லுவீங்களா?"

"சொல்ல மாட்டேன். ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட சொல்லக்கூடாது."

"அடப் பாவமே," என்றாள் சின்னவள். நிஜமாகவே ஏமாற்றம். ஆனாலும் அன்று சாயங்காலமே அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

பெரியவளுக்கு அது கேட்ட மாத்திரத்தில் பிடிக்கவில்லை. "நம்ம சம்பளத்தை யாரோ ஒருத்தர்கிட்ட எதுக்குடி சொல்லணும்?"

"நம்மகிட்டயே நாம சொன்னதில்லையே. அவர்கிட்டயாவது சொல்லலாம்."

அது உண்மை. நாற்பத்து மூன்று வயது வரை உடம்பு வலியிலிருந்து மாமியார் பேச்சு வரைக்கும் எல்லாவற்றையும் பகிர்ந்துகொண்ட இரண்டு பேர், மாதம் எவ்வளவு கையில் வருகிறது என்று மட்டும் பேசியதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினாலே பெரியவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா ஒரு கம்பெனியில் சரக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். பெண்கள் பத்தாவது எழுதிய வருடம் கம்பெனி வண்டிகளைக் குறைத்தது, ஆட்களையும் குறைத்தது. அந்தக் கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், பாதித் தூக்கத்தில் படுத்திருந்த பெரியவளின் காதில் அப்பாவின் குரல் விழுந்தது: "ஒருத்தியைத்தான் இப்ப சேர்க்க முடியும் போலிருக்கு." அந்த வாரமே சின்னவள் வந்து, எனக்குப் படிப்பு வேண்டாம், தையல் கடைக்குப் போகிறேன் என்றாள். பெரியவள் அதை அப்படியே விழுங்கிக்கொண்டாள். தங்கை தனக்காக விட்டுக்கொடுத்தாள் என்பது அவளுக்குள் கல்லாக உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு தங்கை கடையில் திரைச்சீலை வாங்கினால் விலையே கேட்க மாட்டாள். அலுவலகத்தில் பதவி உயர்வு வந்தாலும் தங்கையிடம் சொல்ல மாட்டாள். சொன்னால் குத்திக் காட்டுவது போல ஆகிவிடும்.

ஆனால் சம்பளத்தைச் சொல்ல இஷ்டமில்லாத அதே பெரியவளுக்கு, அன்று ராத்திரி முழுக்க ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. படித்திருந்தால் தங்கை எவ்வளவு வாங்கியிருப்பாள்? அதாவது, தான் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது எவ்வளவு? இதைக் கணக்குப் போடவே ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "எப்ப வரச் சொன்னார்?"

பல்கலைக்கழகத்தில் அந்த அறை சின்னது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, மூலையில் நின்றுபோன மின்விசிறி. ஒருவரிடம் பேசும்போது மற்றவர் வெளியே நடையில் உட்கார வேண்டும். முதலில் பெரியவள் உள்ளே போனாள். சின்னவள் காகிதக் கோப்பையில் தேநீரை வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தாள். காதைத் தீட்டிப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கதவு நல்ல கதவு.

உள்ளே கேள்விகள் சாதாரணமாகத்தான் தொடங்கின. எத்தனை வருடம் படித்தீர்கள், என்ன வேலை, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வருமானம் எவ்வளவு. பெரியவள் அளந்து பேசினாள். பிறகு ஆராய்ச்சியாளர், "இப்ப உங்க தங்கச்சியைப் பத்தி இதே கேள்விகள்," என்றார்.

"அவளைப் பத்தி அவளே சொல்லுவாளே?"

"சொல்லுவாங்க. ஆனா தன்னைப் பத்தி சொல்லும்போது எல்லாருக்கும் கை கொஞ்சம் நீளும், இல்லைன்னா கொஞ்சம் சுருங்கும். அதனால ஒருத்தரைப் பத்தி இன்னொருத்தர்கிட்டயும் கேட்டுக்குவோம்."

"பத்து வருஷம் படிச்சா. பத்தாவதோட நின்னுட்டா," என்றாள் பெரியவள். வருமானத்துக்கு ஒரு குத்துமதிப்பான தொகையைச் சொன்னாள். சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். அவ்வளவு குறைவாகச் சொன்னதற்காகவா, அது உண்மையாக இருந்துவிடுமோ என்பதற்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஏன் நின்னாங்க? வசதி இல்லாமலா, இஷ்டம் இல்லாமலா?"

"எனக்காக நின்னா."

ஆராய்ச்சியாளர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "வசதின்னு போட்டுக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போட்டுக்கோங்க."

சின்னவள் உள்ளே போனதும் நிலைமை தலைகீழானது. உட்கார்ந்த உடனே அவள்தான் கேள்வி கேட்டாள். "தம்பி, முதல்ல நீங்க சொல்லுங்க. நீங்க எத்தனை வருஷம் படிச்சீங்க?"

"இருபத்தி ஒண்ணு. இன்னும் முடியல."

"எவ்வளவு வாங்குறீங்க?"

அவர் சொன்னார். சின்னவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "கருத்தரங்க அறைத் துணிக்கு முன்பணம் வேண்டாம், விடுங்க," என்றாள்.

"அது என் காசு இல்லக்கா, துறையோட காசு," என்று அவர் சிரித்தார். "அதுவும் இல்லாம, நான் ஒருத்தன் கம்மியா வாங்குறதால படிப்பால பலன் இல்லைன்னு ஆயிடாது. நூறு பேரை வரிசையா நிக்க வெச்சாத்தான் எது எந்தப் பக்கம் சாயுதுன்னு தெரியும். தனித்தனியா பார்த்தா எல்லாரும் விதிவிலக்கு மாதிரிதான் இருப்பாங்க."

அந்தப் பேச்சு அவளுக்குப் பிடித்தது. கேட்ட எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் பதில் சொன்னாள். வெளியே வரும்போது அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்காவும் அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் பேருந்தில் ஏறி, ஜன்னல் ஓரம் யாருக்கு என்பதில் மட்டும் சண்டை போட்டுக்கொண்டு வீடு வந்தார்கள்.

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் ஆராய்ச்சியாளர் சின்னவளைத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு சின்னச் சிக்கல். உங்க படிப்பைப் பத்தி நீங்க சொன்னதும் உங்க அக்கா சொன்னதும் ஒத்துப் போகல. நான் எதையும் சொல்லக்கூடாது. நீங்க ரெண்டு பேரும் பேசிட்டு, எது சரின்னு சொன்னா போதும். இஷ்டம் இல்லைன்னா உங்க ஜோடியை எடுத்துடறேன்."

சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெரியவள் கடைக்கு வந்தாள். விடுமுறை என்பதால் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. வெட்டும் மேசை மேல் யாரோ ஒருவருடைய வரவேற்பறைக்கான நீலத் துணி நீளமாகக் கிடந்தது. சின்னவள் அதன் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி ஒத்துப் போகல? நீ பத்தாவது. இதுல என்ன குழப்பம்?"

"பன்னெண்டு," என்றாள் சின்னவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"என்ன பன்னெண்டு?"

"பன்னெண்டாவது பாஸ் பண்ணியிருக்கேன். தபால்ல படிச்சு எழுதினேன். கடை வெச்சு மூணு வருஷம் கழிச்சு."

பெரியவள் அப்படியே துணிச் சுருளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "பொய் சொல்றே."

"சர்ட்டிபிகேட் மேல அலமாரியில இருக்கு. வேணும்னா எடுத்துட்டு வரேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ பாடம் சொல்லிக் கொடுக்க வந்துடுவே. உன்கிட்ட படிக்கிறதுக்கு ஃபெயிலாகலாம்."

பெரியவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "சரி, எதுக்குப் படிச்சே? கடை நல்லாத்தானே ஓடிச்சு? பேங்க்ல கேட்டாங்களா?"

சின்னவள் குண்டூசியை வாயிலிருந்து எடுத்தாள். "யாரும் கேட்கல. பார்க்கணும்னு தோணிச்சு. நீ பதினொண்ணாவது போனதும் திடீர்னு வேற மாதிரி பேச ஆரம்பிச்சே, ஞாபகம் இருக்கா? எது சொன்னாலும் 'அது அப்படி இல்ல'ன்னு ஆரம்பிப்பே. மழை ஏன் பெய்யுதுன்னு நான் ஏதோ சொன்னேன், நீ சிரிச்சே. அந்தக் கதவுக்குப் பின்னாடி அப்படி என்னதான் வெச்சிருக்காங்கன்னு இருந்துச்சு. அது மனசுல கிடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. கையில கொஞ்சம் காசும் நேரமும் வந்ததும் போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

"என்ன இருந்துச்சு?"

"பாதி குப்பை. ஆனா கணக்கு பிடிச்சுது. அந்த முக்கோணத்தை வெச்சு ஏறாத மலையோட உயரத்தைக் கண்டுபிடிக்கிறது இருக்கே, அது ரொம்பப் பிடிச்சுது."

"கடைக்கு உபயோகப்பட்டுதா?"

"ஒரு பைசாவுக்கு இல்ல. ஜன்னலுக்கு ஏணி வெச்சு ஏறி டேப்பைப் பிடிச்சா முடிஞ்சுது. எந்த மலைக்கும் யாரும் என்கிட்ட திரைச்சீலை கேட்கல." அவள் மறுபடி குனிந்தாள். "அந்த ஆராய்ச்சிக்காரர் இந்த ரெண்டு வருஷத்தையும் எந்தக் கணக்குல சேர்ப்பாரோ தெரியல."

பெரியவள் கொஞ்ச நேரம் அந்த நீலத் துணியைத் தடவிக்கொண்டிருந்தாள். இருபத்தேழு வருடமாகக் கேட்காத கேள்வி நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்போது கேட்காவிட்டால் இனிமேல் கேட்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது.

"நீ எனக்காகத்தானே நின்னே?"

"எங்க நின்னேன்?"

"பள்ளிக்கூடத்தை விட்டு. அப்பா 'ஒருத்தியைத்தான் சேர்க்க முடியும்'னு சொன்னதை நானும் கேட்டேன். நீயும் கேட்டிருப்பே. அதனால தானே நீயா போய் வேண்டாம்னு சொன்னே?"

சின்னவள் கையில் இருந்த துணியைக் கீழே விட்டாள். அவள் முகத்தில் வந்தது உண்மையான ஆச்சரியம். நடிப்பாக இருந்தால் பெரியவளுக்குத் தெரிந்திருக்கும், அது அவளுடைய முகமும்தானே.

"அப்பா அப்படிச் சொன்னாரா?"

"உனக்குத் தெரியாதா?"

"சத்தியமா தெரியாது. நான் அந்த லீவுல தையல் கடைக்குப் போயிட்டிருந்தேன் இல்ல? முதல் வாரக் கூலி வாங்கினேன். என் கையில, என் காசு. திரும்பப் போய் பெஞ்சுல உட்கார்ந்து, டீச்சர் என்னை நீன்னு நினைச்சுத் திட்டி, உன்னை நான்னு நினைச்சுப் பாராட்டி... அதெல்லாம் போதும்னு இருந்துச்சு. தையல் கடையில நான் ஒருத்திதான். யாரும் என்னை மாத்திக் கூப்பிடல."

"என்னைச் சமாதானப்படுத்தத்தானே சொல்றே?"

"உன்னைச் சமாதானப்படுத்தி எனக்கு என்ன வரப்போகுது?"

நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. இதைத் தீர்த்துவைக்க மிச்சம் இருப்பது அம்மா ஒருத்திதான். அம்மா கடைக்கு மேல் மாடியில் சின்னவளோடு இருந்தாள். இருவரும் படியேறிப் போனார்கள்.

அம்மா தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்ன, ரெண்டு பேரும் சேர்ந்து வந்தா ஏதோ வம்பு."

பெரியவள் கேட்டாள். முதலிலிருந்து கடைசி வரை, அப்பா சொன்ன வார்த்தையோடு.

அம்மா மடியில் கிடந்த கண்ணாடியைத் துடைத்தாள். போட்டுக்கொள்ளவில்லை.

"ரெண்டும்தான்," என்றாள். "காசும் இல்ல. இவளுக்கு இஷ்டமும் இல்லாத மாதிரி இருந்துச்சு. எது முதல்ல வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"நீ அவளைக் கேட்கலையாம்மா? நிஜமாவே வேண்டாமான்னு?"

"இல்ல."

"ஏன்?"

"கேட்டா, 'வேணும்'னு சொல்லிட்டா என்ன பண்றது?" அம்மாவின் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "அவளே வேண்டாம்னு வந்து நின்னா. எனக்கு மூச்சு வந்துச்சு. உங்கப்பாவுக்கும்தான். அன்னைக்கு அவர் ரெண்டு வாய் அதிகமா சாப்பிட்டார். நான் கேட்கல. அவ்வளவுதான்."

அறையில் சத்தமில்லாத தொலைக்காட்சியில் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். சின்னவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வையின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள்.

"நீ கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியலம்மா," என்றாள் கடைசியில். "நான் அந்தக் காசைக் கையில வெச்சுக்கிட்டு சந்தோஷமாத்தான் இருந்தேன். அது ஞாபகம் இருக்கு. ஆனா வீட்டுல காசு இல்லைன்னு தெரியாமலா இருந்தேன்? அப்பா பகல்ல வீட்டுல இருந்தாரே. அது தெரிஞ்சுதான் சந்தோஷமா இருந்தேனோ என்னவோ."

யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அழவும் இல்லை. பெரியவளுக்குள் இருந்த கல் கரைந்துவிட்டது என்று சொன்னால் பொய். ஆனால் இத்தனை நாள் அது முழுக்க முழுக்கத் தன்னுடையது என்று நினைத்திருந்தாள். இப்போது அதை மூன்று பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கும்போது அதன் கனம் வேறு மாதிரி இருந்தது.

முதலில் அசைந்தவள் சின்னவள்தான். "சரி, இவ்வளவு தூரம் வந்தாச்சு. எவ்வளவு வாங்குறே, சொல்லு."

"நீ சொல்லு முதல்ல."

"நீதானே பெரியவ."

"உங்க ரெண்டு பேர் சண்டையில எனக்குத் தூக்கம் போச்சு," என்று அம்மா குறுக்கே வந்தாள். "யாராவது ஒருத்தி சொல்லித் தொலைங்க. எனக்கும் தெரியணும்."

பெரியவள் சொன்னாள். மாதச் சம்பளம், பிடித்தம் போக. சின்னவளின் புருவம் ஏறியது. "அவ்வளவுதானா? நான் அதுல ரெண்டு மடங்கு நினைச்சிருந்தேன். நீ விலையே கேட்காம துணி வாங்குறதைப் பார்த்துட்டு, இவளுக்குப் பணம் கொட்டுதுன்னு நினைச்சேன். அதனால தானே உனக்கு எப்பவும் விலை உயர்ந்த துணியாவே காட்டினேன்!"

"அடிப்பாவி!"

"தெரியாம போச்சுடி."

பிறகு சின்னவளின் முறை. அவளுடையது ஒரு வரியில் சொல்லக்கூடியதாக இல்லை. நல்ல மாதம் உண்டு, ஈ ஓட்டும் மாதம் உண்டு. புதுக் கட்டடங்கள் எழும்பும் காலத்தில் கை நிறைய. ஆயத்தமாகத் தைத்த திரைச்சீலைகள் பெரிய கடைகளில் குவியத் தொடங்கியதிலிருந்து கொஞ்சம் இறக்கம். வாடகை, தைப்பவர்கள் இரண்டு பேருக்குக் கூலி, மெஷின் பழுது எல்லாம் போக வருடத்துக்கு இவ்வளவு என்று சொன்னாள். இப்போது பெரியவள் வாயைப் பிளந்தாள். அவள் ஆராய்ச்சியாளரிடம் சொன்ன குத்துமதிப்புத் தொகை இதில் பாதிகூட இல்லை.

வருடக் கணக்கில் பார்த்தால் பெரியவள்தான் கூட வாங்கினாள். அதில் சந்தேகமில்லை. காய்ச்சல் வந்து படுத்தாலும் அவளுக்குச் சம்பளம் வரும். சின்னவள் படுத்தால் கடையும் படுக்கும். ஆனால் இருவரும் மனதுக்குள் தோண்டிவைத்திருந்த பள்ளம் அங்கே இல்லை. ஒருத்தி எட்டிப் பிடித்துவிடக்கூடிய தூரத்தில்தான் மற்றவள் இருந்தாள்.

"சே, இவ்வளவுதான் வித்தியாசமா?" என்றாள் சின்னவள். "இதுக்கா நீ அத்தனை பரீட்சை எழுதினே?"

"அதுக்காக எழுதல. எனக்குப் பாறை பிடிக்கும்."

இருவரும் திங்கட்கிழமை ஆராய்ச்சியாளரைக் கூப்பிட்டார்கள். படிப்பு பன்னிரண்டு வருடம்தான் சரி, தங்கையின் வருமானத்தைப் பற்றிப் பெரியவள் சொன்னது தப்பு என்றார்கள். அவர் நன்றி சொல்லிவிட்டுத் தயங்கினார்.

"இன்னொண்ணும் ஒத்துப் போகல. படிப்பை நிறுத்தின காரணம். ஒருத்தர் வசதின்னு சொன்னீங்க, ஒருத்தர் இஷ்டம்னு சொன்னீங்க. எதைப் போடட்டும்?"

"ரெண்டையும் போடுங்க," என்றாள் சின்னவள்.

"ரெண்டும்னு போட இடம் இல்லக்கா. ஒண்ணுதான்."

"இடம் இல்லைன்னா ஓரத்துல எழுதிப் போடுங்க தம்பி. எங்க வீட்டுல மூணு பேர் உட்கார்ந்து பிரிச்சுப் பார்த்தோம், பிரியல. உங்களுக்கு மட்டும் எப்படிப் பிரியும்?"

அந்தப் பக்கம் பேனா காகிதத்தில் ஓடும் ஓசை கேட்டது. "நிஜமாச் சொன்னா, எனக்கும் அதுதான் உறுத்துது," என்றார் அவர். "ஒரே மாதிரி ரெண்டு பேர்ல ஒருத்தர் மட்டும் ஏன் நிறுத்துறாங்க? நாங்க அதைத் தற்செயல்னு வெச்சுக்கிட்டுத்தான் கணக்கே போடுறோம். மத்த ஜோடிகள்கிட்டயும் திரும்பப் போய்க் கேட்கணும் போலிருக்கு."

"கேளுங்க. ஆனா வீட்டுல அம்மா இருந்தா அவங்களையும் சேர்த்துக் கேளுங்க," என்றாள் சின்னவள்.

ஆறேழு மாதம் கழித்து அவர்களுக்கு ஒரு சுருக்க அறிக்கை வந்தது. கூடுதலாகப் படிக்கும் ஒவ்வொரு வருடத்துக்கும் வருமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடத்தான் செய்கிறது. ஆனால் வீட்டையும் பிறப்பையும் கழித்துப் பார்த்தால் வெளியே பேசிக்கொள்ளும் அளவுக்கு இல்லை. அதுவும் ஜோடிக்கு ஜோடி ரொம்ப மாறுகிறது என்று அதில் இருந்தது. சின்னவள் அதை முழுக்கப் படித்தாள். அம்மாவுக்கும் படித்துக் காட்டினாள். பிறகு அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "நாம ரெண்டு பேரும் ஒரு புள்ளிடி. ஜோடிக்கு ஒரு புள்ளின்னு அறிக்கையில படம் போட்டிருக்காங்க, அதுல எங்கேயோ ஒரு மூலையில நிக்கிறோம்."

"எந்த மூலையில?"

"அதான் தெரியல. எல்லாப் புள்ளியும் ஒரே மாதிரி இருக்கு." அதே மூச்சில் இன்னொன்றும் கேட்டாள். "ஆமா, நீ நாள் முழுக்க அங்க என்னதான் பண்றே? இத்தனை வருஷத்துல நான் உன் வேலையைப் பார்த்ததே இல்லையே."

பெரியவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தங்கையை அவள் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் பெருமை அடித்துக்கொள்வது போல இருக்கும் என்று விட்டிருந்தாள். "சனிக்கிழமை அரை நாள். வா," என்றாள்.

சின்னவள் போனாள். நீளமான தகரக் கொட்டகை. சுவரோரம் வரிசையாக மரப்பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியிலும் பூமிக்கு அடியிலிருந்து குழாய் விட்டு உருவிய மண்ணும் பாறையும் நீள நீளத் துண்டுகளாகப் படுத்திருந்தன. ஒரு மூலையில் சல்லடை அடுக்கு ஒன்று கடகடவென்று குலுங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு மூலையில் உலர்த்தும் அடுப்பு. அக்கா வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாள். அதன் கை முழுக்கக் களிமண்.

"இது மேல் மண்ணு. இது மணல். இங்க பாரு, இது ஒரு காலத்துல ஏரி அடியில இருந்த களி," என்று பெரியவள் ஒரு பெட்டியில் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். சின்னவள் கேட்காமலேயே ஒரு துண்டை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கிப் பார்த்தாள். துணியைத் தேய்த்துப் பார்ப்பது போலவே. பிறகு பெட்டியின் நடுவே ஒரு இடத்தில் நிறுத்தினாள். சாம்பல் களிக்கு நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது.

"இது என்னது?"

"அது... ஏதோ எரிஞ்சிருக்கலாம். காடு தீப்பிடிச்சிருக்கலாம். இல்லைன்னா செடி அழுகிப் படிஞ்சிருக்கலாம்."

"எது?"

"தெரியல. கட்டடத்துக்கு அது தேவைப்படாது, அதனால யாரும் பார்க்கிறதில்ல."

"உள்ள பிரிச்சுப் பார்த்தா தெரியுமா?"

பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அரை நாள் வேலை எப்போதோ முடிந்திருந்தது. கொட்டகையில் வேறு யாரும் இல்லை. இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னக் கத்தியும் பூதக்கண்ணாடியும் எடுத்தாள். சின்னவள் அதற்குள் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, அக்காவுக்கும் ஒன்று தேடிக்கொண்டிருந்தாள்.